வலை இல்லாத இடம்

கலேவெல
03.08.2024

பிரசாந்தினி மிஸ்ஸுக்கு,

சலாமோ வணக்கமோ எழுதித் தொடங்க மனம் வரவில்லை. உங்கள் போனுக்கு எடுத்து எடுத்துக் களைத்துவிட்டேன். அணைத்தே வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் மீன்வள அலுவலகத்துக்குப் போய், வாசலில் நின்ற காவல்காரரிடம் கெஞ்சி இந்த அலுவிகாரை முகவரியை வாங்கினேன். நான் ஜஸ்லா. நாவுலப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வள்ளம் கவிழ்ந்து காணாமல் போன முனாஸின் மனைவி. உங்கள் மேல் முறைப்பாடு கொடுத்தவளும் நான்தான். அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

ஜூன் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை, இவர் சுபஹு தொழுதுவிட்டு என் தம்பி அக்ரமோடு வலை எடுக்கப் போனார். காற்றுக் காலம். வெயில் ஏறிய பிறகு தம்பி மட்டும் யாருடையதோ த்ரீவீலரில் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் ஈரம். தண்ணீருக்குள் தாண்டு கிடக்கும் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் வலையை இழுக்கும்போது வள்ளம் புரண்டதாம். திரும்பிப் பார்த்தானாம், ஆளைக் காணவில்லையாம்.

கடற்படைச் சுழியோடிகள் வந்தார்கள். நீங்கள் மீன் காட்டும் கருவியோடு வந்தீர்கள். இடம் காட்ட அக்ரமும் உங்கள் வள்ளத்தில் ஏறினான். நான் கரையில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று பின்னேரம் தம்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராத்தா, திரை நெறய என்னென்னமோ வந்திச்சி. அந்த மிஸ் ஒண்டும் வெளங்கல்லண்டு சொல்லிட்டு மெஷினக் கொறச்சி விட்டாங்க. கொறச்சதும் எல்லாம் அழிஞ்சி போச்சி. மச்சானும் அதோட சேந்து அழிஞ்சிருப்பாங்க."

இதற்கு என்ன சொல்கிறீர்கள்? திரை அழகாகத் தெரிய வேண்டும் என்று குறைத்தீர்கள். தேடுதலை நிறுத்தினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். என் வீட்டில் ஒரு ஜனாஸா இல்லை, தொழுகை இல்லை, கபுர் இல்லை. அவர் மௌத்தாகிவிட்டார் என்று யாரும் உறுதியாகச் சொல்லாததால், புருஷன் போனவள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா இருக்கவும் வழியில்லை. மௌலவியிடம் கேட்டால் "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்கிறார். நான் பெண்டாட்டியா, கைம்பெண்ணா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கருவியைக் குறைத்த கையால்தானே சோறு சாப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் இவர் நினைப்பு வரட்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஜஸ்லா

*

அலுவிகாரை
12.08.2024

ஜஸ்லா அவர்களுக்கு,

விசாரணை முடியும்வரை முறைப்பாடு கொடுத்தவரோடு நான் எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை நீங்கள் அலுவலகத்தில் காட்டினால் என் மேல் இன்னொரு குற்றம் சேரும். காட்டுவதென்றால் காட்டுங்கள்.

போனை அணைத்தது உங்களுக்குப் பயந்து அல்ல. நான் கருவியைத் திருகும்போது யாரோ எடுத்த வீடியோவை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர்கள் இல்லை. "ஆளைத் தேட வந்து மெஷினை அமத்திய மிஸ்" என்று தலைப்பு. அதன் கீழே என்னைப் பற்றி, என் இனத்தைப் பற்றி, நான் கல்யாணம் செய்யாமல் இருப்பதைப் பற்றி எழுதியிருந்தவற்றை நீங்களும் வாசித்திருப்பீர்கள். பிறகு அப்படி எழுதியவர்கள் என் போனுக்கே எடுத்துத் திட்டத் தொடங்கினார்கள். இப்போது வேலையிலிருந்து இடைநிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் அப்பா தில்லையம்பலம், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "பிள்ளை, அந்தப் பெட்டியைத் திருகினது உங்கட மகள்தானோ எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?" என்கிறார்.

கருவியைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். ஒலி எதில் பட்டாலும் திரும்பி வரும். வந்ததைத் திரையில் புள்ளியாகவும் கோடாகவும் போடும். மீன் எது, மரம் எது, மனிதன் எது என்று அதற்குத் தெரியாது. உணர்திறனைக் கூட்டி வைத்தால் பாசித் துகள், காற்றுக் குமிழி, எங்கள் மோட்டார் கலக்கிய நீர் எல்லாமே எதிரொலிக்கும். அன்று அடித்த காற்றில் திரை முழுவதும் புள்ளி மழை. அடிநிலம் எங்கே என்றே தெரியவில்லை. அதனால் குறைத்தேன். அடிநிலம் ஒரே கோடாகத் தெளியும்வரை சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் முறை.

அதிகமாகக் குறைத்தால் மெல்லியவை மறைந்துபோகும். அதுவும் எனக்குத் தெரியும். மன்னியுங்கள், இதை உங்களுக்கு எழுதுவது கொடுமைதான்: மூழ்கிய உடலில் காற்று தங்காது, அதன் எதிரொலி மிக மெலிது. அதனால்தான் காற்று ஓய்ந்த மறுநாள் காலை உணர்திறனை முழுதாகக் கூட்டி, வயல் உழுவதுபோல அந்த இடத்தை வரிவரியாக ஓடினோம். குறைத்ததைப் படம் பிடித்தவர் கூட்டியதைப் பிடிக்கவில்லை.

உங்கள் தம்பி காட்டிய இடத்தில் இரண்டு பட்ட மரங்களும் பாலத்தின் தூணும் இருந்தன. உங்கள் கணவர் இல்லை.

வருந்துகிறேன் என்று எழுதினால் அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எழுதவில்லை.

பிரசாந்தினி தில்லையம்பலம்

*

கலேவெல
19.08.2024

மிஸ்,

வருந்துகிறேன் என்ற ஒரு சொல்லை எழுதக்கூட லாப நட்டம் பார்க்கிறீர்கள். நல்லது. உங்கள் அப்பா கோயிலுக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் நுஸ்லா பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே பிள்ளைகள் அவளிடம் "ஒங்க வாப்பாவ மீன் தின்னுட்டாமே" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கிறாள்: "உம்மா, வாப்பா இன்னும் நீந்திட்டா ஈக்கிறாங்க?"

அங்கே இல்லை என்கிறீர்கள். தண்ணீரில் போன மனிதன் தண்ணீரில்தானே இருக்க வேண்டும்? இத்தனை நாளில் மேலே வந்திருக்க வேண்டும், வரவில்லை. கரையில் ஏறவில்லை. எங்கேதான் போனார்? இரண்டு மரமும் ஒரு தூணும் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியாதா?

உங்கள் கருவியை நம்பச் சொல்லாதீர்கள். நான் என் தம்பியை நம்புகிறேன். அவன் செத்துப் பிழைத்து வந்தவன்.

ஜஸ்லா

*

அலுவிகாரை
02.09.2024

ஜஸ்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் "எங்கே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இடத்தில் உங்கள் கணவர் மட்டும் இல்லாமல் இல்லை. வலையும் இல்லை.

வலையை இழுக்கும்போது வள்ளம் புரண்டது என்பது உங்கள் தம்பியின் வாக்குமூலம். வள்ளம் காற்றில் மிதந்து போகும். மறு கரையில் அதைக் கண்டெடுத்தார்கள். வலை அப்படிப் போகாது. கல் கட்டி இறக்கிய வலை இறக்கிய இடத்திலேயே நிற்கும். அதன் மிதப்புகளுக்குள் காற்று இருக்கிறது. மாட்டிய மீன்களுக்குள்ளும் இருக்கிறது. தண்ணீருக்குள் அதைவிடப் பலமாக எதிரொலிக்கும் பொருள் இல்லை. உணர்திறனைக் குறைத்திருந்தாலும் வலை தெரியும். கூட்டியிருந்தால் சுவர் மாதிரித் தெரியும். இரண்டு விதமாகவும் தேடினேன். பாலத்துப் பக்கம் வலை எதுவும் கிடக்கவில்லை.

இதை அன்றே மேலதிகாரியிடம் சொன்னேன். "செத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்படாதீர்கள்" என்றார். அறிக்கையில் எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் வீடியோ வந்துவிட்டது.

நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. உங்கள் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வலை எங்கே?

பிரசாந்தினி

*

கலேவெல
09.10.2024

மிஸ்,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கோபம் ஆறவில்லை. உங்கள் பிழையை மறைக்க என் தம்பியை இழுக்கிறீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அலுவலகத்துக்கு இன்னொரு முறைப்பாடும் எழுதத் தொடங்கினேன்.

ஆனால் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை வெளியே அனுப்ப முடியவில்லை. அக்ரம் சாப்பிடும்போது கேட்கலாமா என்று இருக்கும். அவன் நுஸ்லாவுக்குத் தலை வாரும்போது கேட்கலாமா என்று இருக்கும். இவர் போன நாளிலிருந்து அவன் நீர்த்தேக்கப் பக்கமே போகவில்லை. கலேவெலச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்குகிறான். பயம் என்று நினைத்திருந்தேன்.

போன கிழமை கேட்டேன். எங்கள் உம்மா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"அக்ரம், வலைய எங்க போட்டிருந்தீங்க?"

"சொன்னேனே ராத்தா. பாலத்துக்கிட்ட."

"அங்க வலை இல்லியாம்."

"யாரு சொன்னது? அந்த மிஸ்ஸா?"

"நான் கேக்கிறேன். வலை எங்க?"

 உம்மாவைப் பார்த்தான்.  என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைத்தான் பார்த்தான். உம்மா துருவுவதை நிறுத்தாமலே சொன்னா: "போனவன் போய்ட்டான். இருக்கிறவனையும் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா?"

முதல் நாளே உம்மாவுக்குத் தெரியும். நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதும் தெரியும். என் பக்கத்தில் தொழுகை முசல்லாவில் உட்கார்ந்து, முனாஸ் கிடைக்க வேண்டும் என்று துஆ கேட்டபோதும் தெரியும்.

அணைக்கட்டுக்கு முன்னால் சிவப்பு மிதவை கட்டியிருக்கும் இடத்துக்கு உள்ளே போயிருக்கிறார்கள். யாரும் போகக் கூடாத இடம் என்பதால் அங்கே மீன் மொய்க்கும். ஏற்கெனவே ஒரு தடவை அக்ரம் பிடிபட்டு, இனிப் பிடிபட்டால் அனுமதிப்பத்திரமும் வள்ளமும் போய் மறியலிலும் கிடக்க வேண்டும் என்று எச்சரித்து விட்டிருந்தார்கள். அதனால் பாலத்தைக் காட்டினான். "மையித்து தானா மெதந்து வரும்ண்டு நெனச்சேன் ராத்தா. எங்க மெதந்தா என்னண்டு நெனச்சேன்" என்று அழுதான். அந்த வீடியோவை எடுத்ததும் அவன்தான். வள்ளத்தில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து எடுத்திருக்கிறான். உங்கள் பக்கம் எல்லோரும் பார்த்தால் அவன் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கருவியைக் கொண்டுபோய் அங்கே தேடுங்கள். இவரை எடுத்துத் தாருங்கள்.

ஜஸ்லா

*

அலுவிகாரை
14.10.2024

ஜஸ்லா அவர்களுக்கு,

கருவி என்னிடம் இல்லை. இடைநிறுத்திய அன்றே வாங்கிவிட்டார்கள். நான் போய் "அணைக்கட்டுப் பக்கம் தேடுங்கள்" என்றால், பழிவாங்குகிறாள், தன்னைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள். உங்கள் கடிதத்தைக் காட்டினால் நானே எழுதிய கடிதம் என்பார்கள். இதை நீங்கள்தான் பொலிஸில் சொல்ல வேண்டும். உங்கள் வாயால், உங்கள் கையெழுத்தோடு. அதைச் சொன்னால் உங்கள் தம்பிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் லேசாக்கி எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வயலுக்குத் திறந்து விட்டதில் இப்போது நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி இருக்கிறது. மழை தொடங்கினால் ஏறும், கலங்கும். தாமதிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எத்தனையோ நாள் இப்படியொரு கடிதம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். வந்தது. அப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதை வச்சு என்ன செய்யிறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பிரசாந்தினி

*

கலேவெல
24.11.2024

மிஸ்,

பொலிஸுக்குப் போக எனக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு காலையும் அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வருவேன். உம்மா ஒன்றும் சொல்ல மாட்டா. அக்ரமும் ஒன்றும் சொல்ல மாட்டான். திரும்பவும் உள்ளே போய்விடுவேன். மழை தொடங்கிய பிறகுதான் போனேன்.

மீதியை நீங்கள் அறிவீர்கள். கொழும்பிலிருந்து வந்தவருக்குத் திரை விளங்காமல், கடைசியில் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நான் கரையில் மரத்தடியில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இவர் வலையோடுதான் கிடந்தார். பச்சைப் பெல்ட்டை வைத்து அடையாளம் காட்டினேன். காட்டுவதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. அன்றே கலேவெலப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள்.

நான் வீட்டில் வெள்ளை உடுத்து இத்தா இருக்க ஆயத்தமானேன். ஓர் அறையைக் கழுவி வைத்தேன். மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். இத்தா என்பது மௌத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும், நமக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்ல, அந்தக் காலம் முடிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். கிடைத்ததற்கு ஒன்றரைக் கிழமைக்கு முன்னால் முடிந்திருக்கிறது. நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்த நாட்களில். வெள்ளையை மடித்து வைத்துவிட்டேன். இவருக்காக நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை மிஸ்.

இனி எழுதப் போவதற்கு என்னிடம் வெட்கம் மிச்சமில்லை.

அக்ரம் விளக்கமறியலில் இருக்கிறான். உம்மா சாப்பிடுவதில்லை. என்னோடு பேசுவதில்லை. இந்த வீட்டில் அவன் உழைப்பைத் தவிர வேறு உழைப்பு இல்லை. வழக்கில் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களாம். எங்கள் சட்டத்தரணி சொல்கிறார்: முதல் நாளே அக்ரம் அணைக்கட்டுப் பக்கத்தையும் காட்டினான், நீங்கள் அங்கேயும் தேடினீர்கள், கருவியைக் குறைத்து வைத்திருந்ததால் தெரியாமல் போய்விட்டது என்று நீங்கள் சொன்னால், அவன் பொய்த் தகவல் கொடுத்தான் என்ற குற்றம் நிற்காதாம். உங்களுக்கு ஓர் இடமாற்றம் வரும், அவ்வளவுதானாம். உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது. படிப்பு இருக்கிறது. அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஊர் ஏற்கெனவே அப்படித்தான் நம்புகிறது. நீங்கள் ஆம் என்று சொல்ல வேண்டியதுதான்.

ஜஸ்லா

*

அலுவிகாரை
01.12.2024

ஜஸ்லா அவர்களுக்கு,

முடியாது.

நான் செய்யாத ஒன்றுக்காக முதலில் என்னைச் சபித்தீர்கள். இப்போது அதைத்தான் செய்ததாகச் சொல்லக் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் கணவரை நான் தேடி எடுத்துத் தந்திருக்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மழைத் தண்ணீர் வந்து கலங்கியிருந்தது. அணைச் சுவரும் அதன் கீழே கொட்டிய பாறைகளும் எல்லாப் பக்கமிருந்தும் ஒலியைத் திருப்பி அனுப்பின. கொழும்பிலிருந்து வந்தவர், உங்கள் தம்பியின் வீடியோவைப் பார்த்தவர், உணர்திறனைத் தொடவே பயந்துபோய் முழுதாகக் கூட்டி வைத்திருந்தார். திரையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே சிவப்பு. என்னை ஏற்றினார்கள். நான் குறைத்தேன். பக்கத்தில் இருந்த பொலிஸ்காரர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு இன்னும் குறைத்தேன். சுவரின் எதிரொலி போனது. பாறைகளின் எதிரொலி போனது. சரிந்த ஒரு நீளக் கோடு மட்டும் தனியே நின்றது. மிதப்புகள். சுழியோடியிடம் கையால் காட்டினேன். அவர் மேலே வந்து முகக் கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் வள்ளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

உங்கள் அம்மாவின் பட்டினியைச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளையும் நினைத்துப் பார்த்தேன், நீங்கள் நம்பாவிட்டாலும். ஆனால் நான் பொய் சொன்னால் அடுத்த தடவை யாராவது தண்ணீரில் போகும்போது, கருவியோடு போகிறவர் பயந்து அதைத் தொடாமல் விடுவார். கொழும்புக்காரர் விட்டதைப் போல. அதற்கு நான் காரணமாக மாட்டேன்.

பெரிய காரணம் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சின்னக் காரணமும் இருக்கிறது. எனக்குக் கோபம். நீங்கள் கரையில் என்னைக் கண்டும் முகத்தைத் திருப்பினீர்கள். அந்தக் கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பிரசாந்தினி தில்லையம்பலம்

*

தம்புள்ள
17.02.2025

மிஸ்,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். இது கடைசி. உங்களை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குற்றம் இல்லை என்று தீர்ந்த பிறகும் மாற்றியிருக்கிறார்கள். நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக் கொடுத்த கடிதம் உங்கள் கோப்பில் சேர்ந்ததா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. அலுவிகாரைக்கே இதை அனுப்புகிறேன். உங்கள் அப்பா அனுப்பி வைப்பார்.

போன செவ்வாய்க்கிழமை என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். அதற்கு முந்திய நாள் பின்னேரம் வரை சட்டத்தரணி எழுதித் தந்ததைப் பாடமாக்கிக்கொண்டுதான் இருந்தேன். நீதவான் கேட்டார்: "உங்கள் தம்பி முதல் நாள் காட்டிய இடம் எது?" நான் பாலம் என்றேன். "வேறு இடம் எதையும் காட்டினாரா?" இல்லை என்றேன். உம்மா பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தா. எழுந்து வெளியே போகும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

அவனுக்குச் சில மாதங்கள் சிறை. வள்ளத்தையும் எடுத்துவிட்டார்கள். நானும் நுஸ்லாவும் இப்போது தம்புள்ளவில், இவருடைய தங்கை பர்ஸானா வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். சந்தையில் லீக்ஸும் கரட்டும் கழுவிக் கட்டும் வேலைக்குப் போகிறேன். உம்மா கலேவெலையில் தனியே இருக்கிறா. பேத்தியைப் பார்க்கவும் வரவில்லை.

இதற்காக நான் எழுதவில்லை.

தீர்ப்புச் சொன்ன பிறகு அவனைச் சிறை பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரத்தில் என்னைக் கண்டதும் நின்றான். கையில் விலங்கு. பக்கத்தில் நின்ற அதிகாரி கொஞ்சம் விலகி நின்றார், நல்ல மனிதர். அவன் "ராத்தா" என்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. அதற்கு முன் நான் கேட்டுவிட்டேன். இத்தனை மாதமாக யாரும் அவனிடம் கேட்காத ஒன்றை. பொலிஸும் கேட்கவில்லை, நீதவானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"அக்ரம், இவரு ஒன்னக் கூப்பிட்டாரா?"

திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இப்போது விலங்கைப் பார்த்தபடி நின்றான். அவன் சொல்லாமல் போய்விட வேண்டும் என்று ஒரு மனம் கேட்டது.

"கூப்பிட்டாங்க ராத்தா."

"எத்தன தரம்?"

"மிச்ச நேரம் கூப்பிட்டுட்டே ஈந்தாங்க. கால் வலையில மாட்டிட்டிருந்திச்சி. அக்ரம், அக்ரம்ண்டு என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அணைக்கட்டு காவலறை கிட்டத்தான் ராத்தா. நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அவங்க வள்ளம் எடுத்திட்டு வந்திருப்பாங்க. வந்தா என்னையும் புடிச்சிருப்பாங்கண்டு..."

 அதிகாரி தோளில் தொட்டார். போய்விட்டான்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டா, அல்லது இதுவும் அவவுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. பர்ஸானாவிடம் சொன்னால் அவள் அழுவாள், பிறகு நான் அவளைத் தேற்ற வேண்டும். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல மாட்டீர்கள்.

பதில் வேண்டாம்.

ஜஸ்லா